ஐஸ் பேக்டரிக்கு ஆட்சேபணை

— நிறுத்துக்கா. நீ தெருவை டேப் வச்சு அளந்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லு.

— அளந்தேன். அதுக்கென்ன இப்போ? தெரு உன் பேர்லயா இருக்கு?

— டேப்போட இன்னொரு நுனியைப் பிடிச்சது யாரு? மாமாவா?

— நான் நுனியை மட்டும்தாம்மா பிடிச்சேன். எதுக்குன்னு கேக்கல. இந்த வீட்டுல எதுக்குன்னு கேக்குறதை விட்டு ரொம்ப நாளாச்சு.

— ஏங்க, உங்களை மிக்சியைப் பிரிச்சுப் பாக்கத்தானே உக்கார வச்சேன்? அதைப் பாருங்க.

— பாக்குறேன், பாக்குறேன். நான் ஒண்ணும் சொல்லல.

— காலைல அந்த ஆபீசர் அம்மா முன்னாடி எழுந்து நின்னு என்னமா பேசுன! "ரெண்டு வேன் எதிரெதிரே வந்தா இந்தத் தெருவுல ஒரு நாய்கூட நடக்க முடியாது"ன்னியே. நாய் மேல என்னைக்குக்கா உனக்கு இவ்ளோ பாசம்?

— உள்ளதைத்தானே சொன்னேன். இது வீடுங்க இருக்கிற தெரு. இங்க போய் ஸ்கூல் வைக்கிறேன்னு வந்து நிக்கிற. நகராட்சியில விசாரணை வச்சு, ஆட்சேபணை இருக்கிறவங்க வந்து சொல்லலாம்னாங்க. எனக்கு இருந்துச்சு, சொன்னேன்.

— இத்தனை வருஷம் அந்தக் கட்டடத்துல ஐஸ் பேக்டரி ஓடிச்சு. விடியக்காலைல லாரி வந்து நின்னு ஐஸ் பாளத்தை இழுக்கிற சத்தத்துல தூக்கமே போச்சுன்னு நீதான் புலம்புவ. அன்னைக்கு ஒரு ஆட்சேபணை சொன்னியா? அப்புறம் பூட்டிக் கிடந்துச்சு. பெருச்சாளி குடும்பம் நடத்திச்சு. அப்பவும் நீ வாயைத் திறக்கல. நான் அதை வாடகைக்கு எடுத்து, கழுவித் துடைச்சு, சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்கிறேன்னதும் உனக்குத் தெரு குறுகிப் போச்சு.

— ஐஸ் பேக்டரிக்காரன் என்கூடப் பிறந்தவனாடி?

— அப்பாடா! இப்பத்தான் வெளியே வந்துச்சு.

— என்னது?

— ஸ்க்ரூம்மா. மிக்சி ஸ்க்ரூ.

— மாமாவை எதுக்கு முறைக்கிற? என்னைப் பாத்துப் பேசு. சத்தம் வரும்னு சொன்னியே, அந்தச் சுவரைத் தட்டியாவது பாத்திருக்கியா? குளிர் வெளிய போகக் கூடாதுன்னு முழ அகலத்துக்குக் கட்டி, நடுவுல தக்கையை அடைச்சு வச்சிருக்காங்க. உள்ள பிள்ளைங்க எவ்ளோ கத்தினாலும் வாசல்ல நிக்கிறவனுக்குக் கேக்காது.

— அதையும்தான் சொன்னேன். பிள்ளை விழுந்து அழுதாக்கூட வெளிய கேக்காதேம்மா, இது ஆபத்தில்லையான்னு.

— சத்தம் கேக்கும்னும் சொன்ன, கேக்காதுன்னும் சொன்ன?

— ரெண்டுல ஒண்ணாவது எடுபடுமில்ல.

— அடேங்கப்பா! அதோட விட்டியா? எதிர் வீட்டு டெய்லரம்மா, மாடி வீட்டு நர்சு எல்லாரையும் வேற கூட்டிட்டு வந்து நிறுத்தின. "எங்க தெருவுல பள்ளிக்கூடமே இருந்ததில்ல, அமைதியான தெரு"ன்னு ஆளாளுக்கு ஒப்பிக்கிறாங்க. இந்தப் பக்கம் டெய்லரம்மா இடுப்புல இருந்துக்கிட்டு அவங்க பொண்ணு உன்னைப் பாத்து "மிஸ், மிஸ்"னு கையை நீட்டுது. அந்தப் பக்கம் நர்சு பையன் உன் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறான். ஆபீசரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்குறாங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

— குழந்தைங்க ஆசையா கூப்பிடுது. அதுக்கும் சட்டமிருக்கா?

— அப்ப இந்தக் கூடத்துல நடக்கிறதுக்குப் பேரு என்னக்கா? சுவரு பூரா எழுத்து. மூலையில குட்டிக் குட்டிப் பாய். வாசல்ல எந்தப் பிள்ளையோ ஒத்தைச் செருப்பை விட்டுட்டுப் போயிருக்கு.

— இது வீடுடி. நாலு பிள்ளைங்க வருது, பாத்துக்கிறேன். அவ்ளோதான்.

— நாலா? காலைல என் முதுகுல ஏறினதே நாலு. மீதியெல்லாம் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. ஒரே ஒரு காலைப்பொழுது பாத்துக்கச் சொல்லிட்டு ஊரை எதிர்க்கப் போயிட்டா இவ. நானும் எத்தனை நேரம்தான் காக்கா கதை சொல்லுவேன்? டெஸ்டரை எடுத்து, எதுல கரண்டு வரும், எதுல வராதுன்னு பாடம் நடத்தினேன்.

— அதைக் கேட்டுட்டுத்தான் விசாரணையைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தேன். போன்ல பெருமையா வேற சொல்றார். பிள்ளைங்க கையில டெஸ்டர்! விளங்கிடும்.

— சரிக்கா. நாய், வேன், சத்தம் எல்லாத்தையும் ஓரமா வை. நான் ஒண்ணு செய்யறது உனக்குப் பொறுக்கல. அதானே?

— ஆமா, பொறுக்கல.

— ஒத்துக்கிறியா?

— ஒத்துக்கிறதுக்கு என்ன? நீ அந்த பேக்டரி கேட்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்ச அன்னைக்கே பொறுக்கல. சமையக்கட்டு ஜன்னலைத் திறந்தா அதான் தெரியுது. சாத்தி வச்சுட்டு உள்ள வெந்து சாகுறேன். அப்புறம் ஊஞ்சல் வந்து இறங்கிச்சு. என்கிட்ட பிள்ளையை விட வர்ற அம்மாங்க எல்லாம் உன் கேட்டுகிட்ட வந்ததும் நடையைக் குறைக்கிறாங்க, எட்டிப் பாக்குறாங்க. அந்த டெய்லரம்மா இருக்காளே, என்கிட்டயே கேக்குறா: "உங்க தங்கச்சி ஸ்கூல்ல யூனிபாரம் உண்டா மிஸ், என்கிட்ட தைக்கக் குடுக்கச் சொல்லுங்களேன்"னு. என் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்?

— அவங்க கேட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

— நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். உனக்குத்தான் எல்லாம் தானா நடக்குமே. அம்மா இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்தப்போ எனக்கு டீச்சர் ட்ரெய்னிங்ல இடம் கிடைச்சிருந்துச்சு. ஞாபகம் இருக்கா உனக்கு? வீட்டுல ஒருத்தர் இருக்கணுமே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மான்னார் அப்பா. அடுத்த வருஷம் உனக்கு இடம் கிடைச்சுது. சைக்கிள்ல பின்னாடி உக்கார வச்சு அவரே கொண்டு போய் விட்டார். நான் அம்மாவைப் புரட்டிப் படுக்க வச்சுக்கிட்டே ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல.

— விழுந்துடுவேன்னு பயந்துக்கிட்டு சீட்டைப் பிடிச்சிருந்தேன்க்கா. அது என் தப்பா?

— தப்புன்னு யாரு சொன்னா? பொறாமைன்னு சொல்றேன். பொறாமைப்பட யாரும் தப்புப் பண்ணியிருக்கணும்னு இல்ல.

— சரி, அப்ப என் கதையையும் கேட்டுக்கோ. ட்ரெய்னிங் முடிச்சு நான் என்னத்தைக் கிழிச்சேன்? யாரோ ஒரு டீச்சருக்குப் பிரசவம்னா எனக்கு வேலை. அவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு திரும்பி வந்தா எனக்கு டாட்டா. எத்தனை ஸ்கூலு! ஒரு பிள்ளைக்கும் என் பேரு தெரியாது. "புது டீச்சர்"னே என் காலம் போச்சு. இங்க வந்தா, மூலைக் கடைக்காரர் "நீங்க மிஸ்ஸோட தங்கச்சிதானே"ங்கிறார். மீசை வச்ச பையன் உன்னைப் பாத்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி "மிஸ், நல்லா இருக்கீங்களா"ங்கிறான். உன்கிட்ட ஒரு சர்டிபிகேட் கிடையாது...

— சொல்லு, சொல்லு. சொல்லி முடி.

— சர்டிபிகேட் என்கிட்ட இருக்கு. மிஸ்னு கூப்பிடுறது உன்னை. எனக்கு எரியாதா?

— அதுக்குத்தான் இதே தெருவுல வந்து மஞ்சள் அடிச்சியா?

— ஆமா. வேற ரெண்டு இடம் பாத்தேன். இதை விட நல்லாவே இருந்துச்சு. உன் ஜன்னல்ல தெரியணும்னுதான் இதை எடுத்தேன்.

— அடிப்பாவி!

— நீ மட்டும் என்ன?

— மிக்சி ஓடுமா ஓடாதான்னு தெரியல. நீங்க ரெண்டு பேரும் நல்லா ஓடுறீங்க.

— ஏங்க, வாயை மூடிக்கிட்டு இருங்க கொஞ்சம். ஏய், நீ சொல்லு. நான் வந்ததுக்கு அப்புறம் என்ன ஆச்சு? ஆபீசரம்மா என்ன சொன்னா?

— நீதான் ஜெயிச்ச. கிடையாதுன்னுட்டாங்க.

— நிஜமாவா?

— நிஜமாத்தான். சந்தோஷமா?

— இருடி. இன்னும் வரல.

— மெதுவா வரட்டும். நான் கிளம்புறேன்.

— உக்காரு. அந்த ஊஞ்சலை என்ன பண்ணுவ?

— வித்துடுவேன். நீ எடுத்துக்கிறியா?

— என் கூடத்துல எங்க மாட்டுறது? ஃபேன்லயா? கண்ணு ஏன் சிவந்திருக்கு உனக்கு?

— தூசி.

— தூசியாம். பெரிய தூசி. முகத்தைக் கழுவிட்டு வா, டீ போடுறேன்.

— இரும்மா, எனக்கு ஒண்ணு புரியல. உங்க அக்கா சொன்னது எதுவுமே எடுபட்டிருக்காதே. நானே டேப் பிடிச்சவன், எனக்குத் தெரியாதா? தெரு தாராளமா இருக்கு. பின்ன எப்படி கிடையாதுன்னாங்க?

— விடுங்க மாமா.

— அவர் கேக்குறது சரிதான். எப்படிக் கிடையாதுன்னா? சொல்லு.

— வேனுக்கு நேரம் பிரிச்சு விடலாம்னு அந்தம்மாவே சொன்னாங்க. சத்தத்தைப் பத்திக் கேக்கவே இல்ல. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "குடியிருப்புத் தெருவுல புதுசா பள்ளிக்கூடத்துக்கு அனுமதி குடுத்தா விதிப்படி தப்பு. ஆனா அனுமதி இருந்தாலும் இல்லாட்டியும் ஏற்கனவே ஒரு பள்ளிக்கூடம் பல வருஷமா நடந்துக்கிட்டிருக்கிற தெருன்னா, இன்னொண்ணுக்கு அனுமதி தரலாம். அப்ப யாரோட ஆட்சேபணையும் நிக்காது. அப்படி ஏதாவது நடக்குதா இங்க?"ன்னு.

— ஐயையோ. நீ என்னம்மா சொன்ன?

— இல்லன்னேன்.

— ஏம்மா, எங்க வீட்டைக் காட்டியிருந்தா உனக்குக் கிடைச்சிருக்குமே!

— கிடைச்சிருக்கும் மாமா. மறுநாளே இங்க ஆளு வந்திருக்கும். அனுமதி வாங்கலை, ரெண்டாவது வாசல் இல்ல, பிள்ளைங்களுக்குத் தனியா கக்கூஸ் இல்லன்னு சொல்லிப் பூட்டியிருப்பாங்க. சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். திரும்பி அக்கா உக்காந்திருந்த நாற்காலியைப் பாத்தேன். காலியா இருந்துச்சு. இந்நேரம் யாருக்கு மூக்கைத் துடைச்சுக்கிட்டிருக்கோன்னு நினைச்சேன். அப்புறம் சொல்ல எனக்கு வாய் வரல.

— பாத்தியா? நீ டேப் பிடிச்சு அளந்த. உன் தங்கச்சி என்ன பண்ணியிருக்கா பாரு. கூடப் பிறந்த பாசம்னா இதாம்மா.

— இருங்க. இல்லன்னதும் அந்தப் பொம்பளை விட்டுட்டாளா? வேற ஒண்ணும் கேக்கல?

— போதும்க்கா. டீயைப் போடு.

— டீ ஓடிப் போயிடாது. என்ன கேட்டா?

— "அப்ப அந்தப் பிள்ளைங்க எதுக்கு உங்க அக்காவை மிஸ்னு கூப்பிடுது?"ன்னாங்க.

— நீ என்ன சொன்ன?

— என்னத்தையோ சொன்னேன். அவங்க நம்பணுமில்ல?

— என்ன சொன்னன்னு கேக்குறேன்.

— "அக்காவுக்குப் பொழுது போகல மேடம். அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு வச்சு விளையாட்டு காட்டிக்கிட்டு இருப்பாங்க. படிப்பெல்லாம் ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல"ன்னேன்.

— படிப்பெல்லாம் ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல?

— அக்கா, உன்னைக் காப்பாத்தத்தான்...

— பொழுது போகலையா எனக்கு? இந்தத் தெருவுல பேனா பிடிக்கிறவன்ல பாதிப் பேருக்கு விரலைப் பிடிச்சு 'அ' எழுதக் கத்துக் குடுத்தவ நான். அந்த நர்சு பையன் இங்க வந்தப்போ அம்மான்னுகூட சொல்ல மாட்டான். பக்கத்துல உக்காந்து, அவன் வாயைப் பாத்து, என் வாயைக் காட்டி, எப்படிப் பேச வச்சேன் தெரியுமா? இன்னைக்கு அவன் வாயை மூட வைக்க முடியல. பொழுது போகலையாம்!

— நீதானேக்கா இப்பச் சொன்ன, இது வீடு, நாலு பிள்ளைங்க வருதுன்னு?

— நான் சொல்லுவேன். நீ சொல்லக் கூடாது. நீ சொன்னதும் அவ என்ன பண்ணா?

— சிரிச்சாங்க.

— சிரிச்சாளா?

— லேசாத்தான்.

— லேசா என்ன, பலமா என்ன. கையெழுத்துப் போட்டுட்டாளா?

— இல்ல. இன்னும் யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தா ஆபீஸ் மூடுறதுக்குள்ள வரலாம், அப்புறம்தான் கையெழுத்துன்னாங்க.

— ஏங்க, அந்த மிக்சியைக் கீழ வைங்க. வண்டியை எடுங்க.

— எங்கக்கா போற?

— நகராட்சிக்கு.

— உனக்கென்ன கிறுக்கா? நீயே போய்ச் சொன்னா நாளைக்கே வந்து பூட்டு போட்டுடுவாங்க. இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் போயிடும்.

— பூட்டு போடணும்னா இது ஸ்கூல்னு ஒத்துக்கிட்டுத்தானே போடணும்? போடட்டும்.

— அக்கா, வேண்டாம். இந்தப் பிள்ளைங்க இல்லாம நீ என்ன பண்ணுவ? வேணும்னா ஒண்ணு செய்யலாம், நாம ரெண்டு பேரும் சேர்ந்து...

— உன் கீழயா? நானா? வாயைக் கழுவு.

— நல்லா யோசிச்சுக்கோ. நீ போய்ச் சொன்ன அடுத்த நிமிஷம் எனக்கு அனுமதி கிடைச்சுடும். மஞ்சள் கேட்டு அங்கேயேதான் இருக்கும்.

— இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பொம்பளை எதிர்ல நின்னு, நல்லா எழுதிக்கோன்னு சொல்லப் போறேன்: இந்தத் தெருவுல மொத ஸ்கூல் என்னோடது. இவளோடது ரெண்டாவது.