ஆளிருக்கிற வீடு

இல்ல மேடம், சாவி தொலையல, பையிலதான் இருக்கு. தெறக்கறேன். ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கலாமில்ல... சரி சரி, உங்க வீடு, நீங்க எப்ப வேணா வரலாம். இங்கிலாந்துலருந்து நேரா வர்றீங்களா? பெட்டிய இப்படி மாமர நெழல்ல வைங்க.

எது, கொடியில காயற சட்டையா? அது சும்மா, திருடனுக்காக. ஆளில்லாத வீடுன்னு தெரிஞ்சா ஹராரேல விடமாட்டானுங்க மேடம். அந்தா எதிர்த்தாப்ல சிகும்பு சார் வீடு, அவரு கனடா போனதும் பெரிய பூட்டா வாங்கி மாட்டிட்டுப் போனாரு. பூட்டு அப்படியே தொங்குது. ஜன்னலச் சட்டத்தோட பேத்துட்டானுங்க, கக்கூஸ் பீங்கானக்கூட விடல. பூட்டுக்கு எவன் பயப்படறான்? ஆளுக்குத்தான் பயம். அதான் நான் தெனம் துணி மாத்திப் போடுவேன். ரேடியோவ சத்தமா வெப்பேன். வாசல்ல பெரிய பூட்ஸ் ஒரு ஜோடி. நாயே கெடையாது, நாய்த்தட்டு மட்டும் இருக்கும். ஆறு வருஷமா உங்க வீட்டுல ஒரு குழாய் போயிருக்கா, சொல்லுங்க?

பொகையா? சட்ஸாக் களி கிண்டிக்கிட்டிருந்தேன். ஆமா, ஒருத்தனுக்கு அவ்ளோ பெரிய பானை எதுக்குன்னு கேப்பீங்க. அதுவும்... அதுவும் திருடனுக்குத்தான்னு வைங்களேன்.

கைத்தடியா? எங்க, கதவோரமா?

அது திருடனுக்கு இல்ல மேடம்.

எங்கப்பாவோடது. எங்க ஊரு கோக்வேலருந்து கண்ணு ஆபரேஷனுக்கு வந்திருக்காரு. நாளைக்குக் காலைல பஸ் ஏத்தி விட்டுருவேன், சத்தியமா. பின்னாடி என் ரூம்புலதான் தங்க வெக்கணும், தெரியும். ஆனா அவரு இது என் வீடுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.

நான்தான் சொன்னேன். வேற யாரு சொல்லுவா? ஊர்ல அவனவன் மவன் வீடு கட்டிட்டான், என்னைப் பத்திக் கேட்டா இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவாராம். ஒரு தடவ இந்த கேட்டு முன்னாடி நின்னு போட்டோ புடிச்சு அனுப்பிட்டேன். அவ்ளோதான், என் மவன் முசேகிவா பங்களா கட்டிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நானும் இல்லைங்கல. தெனம் இங்க யாரோ வாழற மாதிரியே காட்டிக் காட்டி, அந்த யாரோ நான்தான்னு எனக்கே ஆயிப்போச்சு. வெக்கமா இருக்கு மேடம். உங்க மொகத்தப் பாக்க முடியல. வேலைய விட்டு நிறுத்துங்க, நாளைக்கே போயிடறேன். இன்னிக்கு மட்டும் அவரு முன்னாடி எதுவும் சொல்லிராதீங்க. கண்ணுல கட்டு இன்னும் பிரிக்கல, உங்க மொகம்கூட அவருக்குத் தெரியாது.

இருங்க, இருங்க, உள்ள போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. உங்க காரு சத்தம் கேட்டதும் யாருடான்னாரு. வாய்ல வந்தத ஒளறிட்டேன். வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணுன்னுட்டேன்.

சாப்பிட ஒக்காந்துட்டாரு மேடம். நீங்க மண்டிபோட்டுக் கை கழுவத் தண்ணி ஊத்துவீங்கன்னு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு இருக்காரு.