பலகை மூடும் நேரம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குழி இருக்கிறது, டீச்சர். பயப்படாதீர்கள். ஆரணியில் தறி போட்ட வீடென்றால் நெய்கிறவர் காலை இறக்கி உட்கார ஒரு குழி இருக்கத்தான் செய்யும். தறியை விற்றேன். வாங்கியவர் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார், குழியை மட்டும் ஏற்ற முடியவில்லை.

நான் ஒன்றும் பெரிய நெசவாளி இல்லை. என் புடவையைப் பிரித்துப் பார்த்த முதலாளி, "குமரேசா, இது பார்டரா, ஆத்தங்கரையா?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் பார்டர் பார்ப்பதில்லை, அதனால் டே கேர் ஆரம்பித்தேன். என் மனைவி பரிமளா சோறு குழைத்து ஊட்டுவாள். நான் யானை. வேறு வேஷம் எதுவும் இந்த உடம்புக்குப் பொருந்தவில்லை. உங்கள் இனியாதான் முதல் சவாரி. இரண்டு வயதுதான், ஆனாலும் காதைப் பிடித்து ஓட்டுவதில் கெட்டிக்காரி.

ஒரே ஒரு குறை. சாயங்காலம் நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்குவீர்கள். "அம்மா" என்று இனியா ஓடுவாள். ஜாமீன் கிடைத்தவன்கூட அப்படி ஓடமாட்டான். யானை நடுக்கூடத்தில் நாலு காலில் நின்றுகொண்டிருக்கும். ஒரு நாள், பிள்ளையைச் சேர்க்க விசாரிக்க வந்த ஒரு அம்மா அந்த ஓட்டத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அதோடு சரி, திரும்ப வரவில்லை. தொழில் என்று இறங்கிவிட்டால் யோசிக்க வேண்டாமா? யோசித்தேன்.

குழியில் மெத்தை போட்டேன். தறிக்காரர்கள் வெட்டி எறிகிற பட்டு நூலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து. மேலே ஒரு பலகை. பகலெல்லாம் அது மூடியே கிடக்கும். உங்கள் ஸ்கூட்டியோ வேறொரு அம்மாவின் வண்டியோ தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும், ஐஸ் வண்டிக்காரரிடம் வாங்கிய ரப்பர் ஹாரனை அமுக்குவேன். பாம், பாம். பலகை எழும். பிள்ளைகள் தொப்புத் தொப்பென்று குதிப்பார்கள், கடைசியில் யானையும் குதிக்கும். வாயில் பட்டு, மூக்கில் பட்டு, தும்மினால் ஜரிகை. சிரித்துச் சிரித்து ஒரு பிள்ளைக்கு விக்கல் வந்துவிடும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் சிரிக்கும். நீங்கள் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நீங்கள் உள்ளே வரும்போது நான் பலகையை மூடிக்கொண்டிருப்பேன். தலையில் நாலு பட்டு நூல் ஒட்டியிருந்தால், இந்த ஊரில் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

சீக்கிரமே பலன் தெரிந்தது. உங்கள் முகம் தெரிந்தால் ஆட்டம் முடிந்தது என்று இனியா புரிந்துகொண்டாள். அறிவான பிள்ளை. உங்களைப் பார்த்ததும் அலறினாள், என் காலைக் கட்டிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளும் அவரவர் அம்மாவைக் கண்டு அலறினார்கள். நீங்கள் முதலில் சிரித்தீர்கள். பிள்ளைக்குச் சொந்த வீட்டைவிட இங்கேதான் பிடித்திருக்கிறது என்று பெருமையாக நாலு பேரிடம் சொன்னீர்கள். அந்த நாலு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு ஒரு நாள் சிரிக்காமல் கேட்டீர்கள். "அண்ணா, நான் எதனா தப்பு பண்றனா? என்னப் பாத்தாவே அழுவுறா. வீட்ல சோறு குடுத்தா, யானைதான் ஊட்டணும்ன்றா."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நீங்க ஜல்தியா வந்து இட்டுகினு போயிடறீங்க, அதான் டீச்சர். கொஞ்சம் லேட்டா வாங்க, சரியாப் பூடும்" என்று வந்தது.

நம்பினீர்கள். விளக்குப் போட்டபின் வந்தீர்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்கு நான் பணம் வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் போனபின் நாங்கள் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவோம். பார்த்தால் ஒரு குடும்பம் மாதிரி இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பரிமளாதான் சொன்னாள்.

அவளேதான் போன வாரம் வாசலுக்குப் போய்விட்டு முகம் செத்துத் திரும்பி வந்தாள். "நான்சி டீச்சர் சுவத்தாண்ட நின்னுகினு கீறாங்க. மூஞ்சக் காட்னா கொயந்த அழுவும்னு ஜன்னல் வழியா பாத்துகினு கீறாங்க. நீ போய்ச் சொல்றியா, நான் போவட்டா?"

நான் போவதாகச் சொன்னேன். போகவில்லை. அதற்குள் நீங்கள் வேலையை விடப்போவதாகவும், இனி இனியா வரமாட்டாள் என்றும் போன் வந்தது.

அதனால்தான் நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும்வரை காத்திருந்து வந்திருக்கிறேன். இதோ மூட்டை. எங்கள் குழி காலி. உங்கள் கட்டில்மேல் கொட்டி, போர்வை போட்டு மூடிவையுங்கள். தினமும் நீங்கள் வேலையிலிருந்து வந்தபின் திறந்துவிடுங்கள், நீங்களும் உள்ளே குதியுங்கள். சீக்கிரமே உங்களைப் பார்த்து ஓடி வருவாள். வேலையை விடாதீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. முழுக்க என்னுடையது. தொழிலுக்காகச் செய்தேன், வேறெதற்காகவும் இல்லை.

ஹாரனும் இதோ, உங்களுக்குத்தான். வேலை செய்கிறதா என்று தெருமுனையில் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். உங்கள் வாசலில் இன்னொரு தடவை.

நன்றாகவே வேலை செய்கிறது. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், டீச்சர். உங்களைத் தாண்டி வர வழியில்லாமல் பிள்ளை நிற்கிறாள்.