பால்கனி அறைக்கு மட்டும்

கப்பலில் ஜன்னல் இல்லாத அறையில்தான் தூக்கம் நன்றாக வரும். விளக்கை அணைத்தால் பகலும் இருட்டுதான். கடல் சத்தம்கூடக் கேட்காது. ஐந்து நாளும் நான் குழந்தை மாதிரித் தூங்கினேன். பல வருடத்துத் தூக்கம் பாக்கி இருந்தது.

ராஜபாண்டி சார், பயணக் காப்பீட்டு விசாரணைக்காக எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்து நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். என் அண்ணன் மகுடேஸ்வரனுக்குக் கப்பலில் அந்த அறையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். அண்ணன் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் விதி என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

தேர்ந்தெடுத்தது நான்தான். காரணம் இருந்தது. காரணமில்லாமல் தரணீதரன் எதையும் செய்யமாட்டான் என்று கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அண்ணன் கட்டிங் மாஸ்டராகத் தொடங்கி இந்தக் கம்பெனியைக் கட்டியவர். துணியை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்தே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். எதையும் வீணாக்கமாட்டார். எங்கள் ஊரில் வெட்டி விழுந்த துண்டுத் துணிக்கும் விலை உண்டு. அண்ணன் அதிலும் ஒரு படி மேல். கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்ததை, பிடிக்காவிட்டாலும் தின்றுவிட்டுத்தான் எழுவார். காசு கொடுத்தாகிவிட்டது என்று தெரிந்தால் அதை விட்டுவிட்டு வர அவரால் முடியாது. இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக் கேலி செய்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர்தான் பதினொரு வருடம் தன்னையே வீணாக்கிக்கொண்டார். குடி.

அந்தப் பதினொரு வருடமும் அவருக்குக் காவல் நான். அண்ணி மைதிலி போன் செய்வார். "தம்பி, கொஞ்சம் வாங்க" என்பார், அவ்வளவுதான். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து போவேன். பல்லடம் ரோட்டு பார்கள் எல்லாவற்றிலும் எனக்கு ஆள் தெரியும். ஒரு முறை திருமுருகன்பூண்டியில், சிலை அடிக்கிற பட்டறை வாசலில், பாதி செதுக்கிய நந்தியின் மேல் கால் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். என் காரின் பின்பக்கத்தில் அவருக்கு ஒரு வேட்டி சட்டை எப்போதும் இருக்கும். கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டில் ஒளித்து வைப்பார், எடுத்துக் கொட்டுவேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். அந்தப் பேச்சைப் பதினொரு வருடம் தினமும் நம்பி, தினமும் ஏமாந்தவன் நான். என் மகனின் பள்ளி விழா ஒன்றில்கூட முழுதாக உட்கார்ந்ததில்லை. களைத்துவிட்டேன் சார். இதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அவர் நிறுத்திவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை, அண்ணியைத் தவிர யாரிடமும் சொல்லாமல், டவுன் பஸ் ஏறிப்போய் ஒரு மறுவாழ்வு மையத்தில் தானே சேர்ந்துகொண்டார். எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன்.

"உனக்கு எதுக்குக் கண்ணு செரமம்னுதான்" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்தவர் பத்தொன்பது மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. காலை ஏழு மணிக்கே கம்பெனிக்கு வந்துவிடுவார். நான் சரி என்று அனுப்பிய துணியைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரப் பெண்கள்கூட என் மேசையைத் தாண்டிப்போய் அவரிடம் சந்தேகம் கேட்டார்கள். என் நாற்காலியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணியும் போன் செய்வதில்லை. இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்று என் மனைவி சொன்னாள். படுத்துத்தான் பார்த்தேன். தூக்கம் வரவில்லை, களைப்பும் போகவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோவைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது மட்டும் என்னிடம் மிச்சமிருந்தது. கடைசி முறை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஈரல்ல தேறுனது கொஞ்சந்தானுங்க. மறுபடி ஆரம்பிச்சா ஆள் இருக்கமாட்டாரு. நீங்கதான் பாத்துக்கோணும்" என்றார். ஆக, டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

அண்ணன் அண்ணிக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்குத்தான் இந்தக் கப்பல் பயணம். சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்குவது, ஐந்து நாள். அண்ணியின் ஆசை. என் மனைவி மகனின் தேர்வுக்காக வரவில்லை. "எல்லாம் தம்பியே பாத்துப் புக் பண்ணட்டும்" என்று அண்ணி சொல்லிவிட்டார். அவர் ஒரு காகிதத்தைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை. அத்தனை நம்பிக்கை.

அவிநாசி ரோட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். அங்கே அனிதா என்று ஒரு பெண், கெட்டிக்காரி. சலுகை விவரத்தை அச்சுப் பிசகாமல் சொன்னாள்.

"உள்ரூமுக்கு ஒண்ணும் இல்லீங்க சார். ஜன்னல் ரூமுக்குக் கூல்டிரிங்ஸ் மட்டும். பால்கனி ரூம் எடுத்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் டிரிங்க்ஸ் பேக்கேஜ் ஃப்ரீங்க. விஸ்கி, பியர், ஜூஸ், எல்லாமே. இந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பால்கனியும் ஜன்னலும் ஒரே ரேட்டுங்க."

"குடிக்காதவங்களுக்கு?"

"இந்த ஃபாரத்துல வேண்டாம்னு ஒரு டிக் அடிச்சுட்டாப் போதுங்க. சாதா கார்டு குடுத்துருவாங்க. ஏறுன பின்னாடி கவுண்டர்ல சொன்னாலும் மாத்திக் குடுப்பாங்க சார். அஞ்சு நிமிஷ வேலைங்க."

ஒரே விலைக்குப் பால்கனி கிடைக்கும்போது ஜன்னல் அறையை எடுப்பவன் திருப்பூர்க்காரன் அல்ல. சும்மா கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்கிற ஊர் இது. அவர்களுக்குப் பால்கனி எடுத்தேன். எனக்கு உள்ளறை. அது வரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த டிக்கை நான் அடிக்கவில்லை. கவனிக்கவில்லை என்று எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் கவனித்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனிதா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஐம்பத்து மூன்று வயது மனிதருக்கு என்ன வேண்டும், வேண்டாம் என்று இன்னும் எத்தனை நாள் நான் டிக் அடிப்பது என்று தோன்றியது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும். இது அவருக்கு நான் கொடுத்த மரியாதை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கப்பல் கிளம்பிய சாயங்காலமே அண்ணிக்கு வாந்தி. இரண்டு நாள் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. அண்ணனும் நானும்தான் சுற்றினோம். மறுநாள் மத்தியானம் மேல்தளத்தில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். எங்களுக்கு எதிரே பார். அண்ணன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடித்தார்.

"ஏனுங்கண்ணா, பேக்கேஜ்ல ஜூஸும் வருதுங்க. காசு கட்டியாச்சு. வாங்காம விட்டா வீணாத்தான் போகும்" என்றேன்.

"வேண்டாங் கண்ணு. அந்தப் பக்கமே போக வேண்டாம்."

"ஜூஸ்தானுங்களேண்ணா. எல்லாஞ் சேத்துத்தான் ரேட்டுப் போட்டிருக்காங்க. நம்ம காசு."

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர் எழுந்து போய் ஒரு தர்பூசணிச் சாறு வாங்கி வந்தார். திரும்பவும் போனார். சர்க்கரைத் தண்ணிக்கு இந்தக் காசா என்று திட்டிக்கொண்டே குடித்தார். ஆறு முறை போய் வந்தார். அதே பார், அதே ஆள், நீட்டுவதும் அதே அட்டை. ஜூஸ் ஊற்றுகிறவனுக்குப் பின்னால் பாட்டில்கள் வரிசையாக நின்றன. நான் சாய்வு நாற்காலியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீங்கள் காட்டிய பார் பட்டியல் சரியானதுதான். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் சாறு ஆறு. மூன்றாம் நாள் பியர் இரண்டு, விஸ்கி ஒன்று. நான்காம் நாள் விஸ்கி பதினொன்று. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து என்பது கப்பலின் வரம்பு. ஐந்தாம் நாள் அவர் பதினைந்தையும் வாங்கியிருக்கிறார். ஒன்றைக்கூட நான் ஊற்றிக் கொடுக்கவில்லை, என் அட்டையில் வாங்கவும் இல்லை. உள்ளறை அட்டைக்கு ஒன்றும் கிடையாது.

நான்காம் நாள் காலையில் அண்ணி என் அறைக் கதவைத் தட்டினார். முடிகூட வாரவில்லை.

"தம்பி, அவரு மறுபடியும் ஆரம்பிச்சுட்டாருங்க. யாருங்க தம்பி அவருக்குக் குடுத்தது?" என்று அழுதார்.

"பால்கனி ரூமுக்கெல்லாம் அவங்களே குடுத்தர்றதுங்க அண்ணி. வேண்டாம்னு சொல்ல வழியில்லீங்க."

"எப்படியாச்சும் நிறுத்துங்க தம்பி. உங்கள உட்டா எனக்கு யாரு இருக்காங்க?"

"நீங்க போய்ப் படுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். கவுண்டர் ஐந்தாம் தளத்தில் இருந்தது. என் அறையும் ஐந்தாம் தளம்தான். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். உடனே தூக்கம் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் ராத்திரி, கப்பல் கரை சேர்வதற்கு முன்பே, அண்ணன் இரத்த வாந்தி எடுத்தார். சிங்கப்பூரில் இரண்டு நாள் வைத்திருந்து கோவைக்குக் கொண்டுவந்தோம்.

உங்கள் கேள்விக்குப் பதில் இத்துடன் முடிந்துவிட்டது. நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால், கை தவறி ஒரு டிக் அடிக்காமல் விட்டவன் என்று நீங்கள் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

கப்பல் ஏறிய முதல் நாள், அண்ணி வாந்தியோடு படுத்த பிறகு, அண்ணன் என் அறைக்கு வந்தார். அறை சுத்தம் செய்கிறவன் அவருடைய அட்டையைப் பார்த்து, இதை நீட்டினால் எந்த பாரிலும் சும்மா கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறான். அண்ணன் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு அட்டையை நீட்டினார்.

"இத நீ வெச்சுக்கோ கண்ணு. எங்கிட்ட இருக்க வேண்டாம்" என்றார்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். பதினொரு வருடமாக அந்த முகம் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்காதா என்று காத்திருந்தவன் நான். வாங்கிக்கொண்டிருக்கலாம். கையோடு கவுண்டருக்கு அழைத்துப்போயிருக்கலாம். ஐந்து நிமிட வேலை என்று அனிதா சொல்லியிருந்தாள்.

"அது ரூம் சாவியுங்கண்ணா. அது இல்லாட்டி கதவு தெறக்காது, அண்ணி உள்ள தனியாக் கெடப்பாங்க. நீங்களே வெச்சுக்கோணும்" என்றேன்.

"மாத்தித் தரமாட்டாங்களா கண்ணு?"

"கேட்டுட்டேனுங்கண்ணா. அதெல்லாம் மாத்த முடியாதாமுங்க."

தலையை ஆட்டினார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த நீளமான வராந்தாவில் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மறைகிற வரைக்கும் வாசலில் நின்றேன். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை சார், இன்றைக்கும் இல்லை. களைப்பு ஒன்றுதான்.

கோவை ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் இருந்தார். உடம்பு மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஆள் அடையாளமே மாறிப்போனது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற பேர நான் கெடுத்துட்டேன் கண்ணு. எத்தன பாத்துக்கிட்டே என்னைய" என்று அழுதார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கண்ணைத் துடைத்துவிட்டேன். அண்ணி ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டார். நர்ஸ் ஊசி போட வந்தால், தம்பி வரட்டும் என்பார். நான் கஞ்சியை ஆற்றி ஊட்டினேன், உடம்பு துடைத்தேன், கால் பிடித்துவிட்டேன். கம்பெனியிலிருந்து எல்லாரும் எல்லாவற்றுக்கும் எனக்கே போன் செய்தார்கள். ஒரு நாளும் வீட்டுக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இருபத்திரண்டு நாளும் எனக்குக் களைப்பே தெரியவில்லை.