பத்துக்குக் கீழே பச்சை

தேநீர் நன்றாக இருக்கிறது. விசாரணை அலுவலகத் தேநீர் என்றால் வெந்நீருக்குச் சாயம் போட்டது மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்தேன். என் நினைப்பைத் திருத்திக்கொள்கிறேன். அந்த மின்கம்பியை மட்டும் வாசலுக்குக் குறுக்கே விடாமல் சுவரோரமாக ஒதுக்கிவிடுங்கள், உங்கள் எழுத்தர் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தார். தப்பாக நினைக்காதீர்கள், பழக்க தோஷம். எது எப்போது கவிழும் என்று பார்ப்பதுதான் பதினான்கு வருடமாக என் வேலை.

எங்கள் நிறுவனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கைபேசியிலேயே எங்கள் செயலி இருக்கிறது, மேஜைமேல் பார்த்தேன். வாடகைக்கு வீடு தேடுவது, பேருந்தில் இடம் பதிவது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது எல்லாம் அதில் இலவசம். நடுநடுவே விளம்பரம் வரும், அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. எங்கள் ஆண்டறிக்கையில் தொழில் எதிர்நோக்கும் இடர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதை எழுதுகிறவன் நான். மொத்தம் நாற்பத்தொரு இடர்கள். சர்வர் படுத்துக்கொள்ளலாம், சட்டம் மாறலாம், போட்டிக்காரன் நம் பொறியாளர்களைக் கொத்திக்கொண்டு போகலாம். பங்கு வாங்கியவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. என் மனைவி ஒரே ஒரு முறை படித்தாள்.

"இவ்வளவு ஆபத்து இருக்கிற கம்பெனிக்கா தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டுப் போறீங்க?" என்றாள்.

அலுவலகத்தில் எனக்குக் குடைக்காரர் என்று பெயர். கொளுத்துகிற வெயிலிலும் மழைக்கான குடையோடு வருகிறேன் என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான்.

என் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. அதில் நாற்பத்தொரு கட்டங்கள், ஒவ்வோர் இடருக்கும் ஒன்று. 'விளம்பரத்தால் பயனர்களுக்குத் தீங்கு' என்ற கட்டத்தின் நிறத்தைப் புகார்களை வைத்து முடிவு செய்வோம். வாரத்துக்குப் பத்துக்குக் கீழே என்றால் பச்சை, பத்து முதல் மஞ்சள், ஐம்பதைத் தாண்டினால் சிவப்பு. இந்த அளவுகோலை வகுத்தவன் நான்தான். இயக்குநர்கள் மேஜையைத் தட்டி ஆமோதித்தார்கள். தீங்கை எண்ண முடியாது, புகாரை எண்ணலாம். எண்ண முடிந்ததை வைத்துத்தானே வேலை செய்ய முடியும்?

போன வருடம் சொட்டுமருந்துக்காரர் வந்து சேர்ந்தார். சர்க்கரை நோயாளிகளுக்குப் பழுப்பு நிறப் பாட்டிலில் ஒரு மருந்து விற்பவர். 'இன்சுலின் ஊசியைத் தூக்கிப் போடுங்கள், தினம் ஐந்து சொட்டு போதும்' என்பது அவருடைய விளம்பரம். மூன்றே மாதத்தில் எங்களுடைய ஆகப் பெரிய விளம்பரதாரர் ஆகிவிட்டார். அதே வேகத்தில் புகார்களும் வந்தன. ஒரு வாரம் அறுபத்து மூன்று. கட்டம் சிவப்பு.

எடுத்துவிட்டிருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் 'பெரிய விளம்பரதாரரை இழத்தல்' என்ற இன்னொரு கட்டம் சிவப்பாகும். ஓட்டையை அடைக்கப் பக்கத்துச் சுவரை இடிக்கிற கதை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்மணம் போட்டு உட்கார்ந்து அறுபத்து மூன்றையும் படித்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்ற ரீதியில் இருந்தன. கோபத்தில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். நான் அதில் தேங்கி நிற்கவில்லை. யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஐம்பத்தொன்பது பேர் மகன், மகள், மருமகள். மருந்தைக் குடித்தவர்கள் நான்கே பேர்.

அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது? வருடக்கணக்காகக் காணாமல் போயிருந்த சாவிக்கொத்து சட்டைப்பையிலேயே இருந்த மாதிரி.

மறுநாள் காலை எங்கள் பொறியாளரிடம் போனேன். கெட்டிக்காரர், காரணம் கேட்கமாட்டார். அந்த விளம்பரத்தைத் தனியாக வசிப்பவர்களுக்கு மட்டும் காட்ட முடியுமா என்று கேட்டேன். எப்போதும் பேருந்தில் ஒற்றை இருக்கை பதிகிறவர், ஒற்றை அறை வீட்டில் இருப்பவர், மருத்துவரிடம் துணையில்லாமல் போகிறவர், ஐந்து வருடத்தில் எதைப் பற்றியும் ஒரு புகார்கூட எழுதாதவர். எல்லாத் தகவலும் எங்களிடம்தான் இருக்கிறதே.

"ரெண்டு மணி நேர வேலை சார்" என்றார்.

ஒன்றரை மணி நேரத்திலேயே முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் புகார் நான்கு. அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. அதன்பிறகு மாதக்கணக்கில் வரவே இல்லை. விளம்பரம் அதுவேதான், மருந்து அதுவேதான், விற்பனை மட்டும் ஏறியது. மூன்று மாதம் கட்டம் பச்சையாகவே இருந்தது. தலைமை நிர்வாகி என் தோளில் தட்டி, "குடைக்காரரே, என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டேன்.

புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பெண். மேஜையில் சின்னச் சின்னத் தொட்டிகளில் செடி வைத்திருந்தாள், விடுமுறை எடுத்தால் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை என்னிடம்தான் விட்டுப் போவாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், எங்கப்பா ஊசி போடறதை நிறுத்திட்டாராம். எட்டு நாளாச்சாம். அந்தச் சொட்டைக் குடிக்கிறாரு."

அவளுடைய அப்பா வேறு ஊரில் தனியாக இருப்பவர். ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு இவள் ஒரே பெண்.

"நீ சொன்னா கேக்க மாட்டாராம்மா?" என்றேன்.

"நான் போன்ல கத்தறேன் சார். 'உங்க கம்பெனியே சொல்லுதே, நீ வேலை பாக்கிற இடம் பொய் சொல்லுமா'ங்கிறாரு. தினம் காலைல போனைத் திறந்தா அதுதான் வருதாம். விளம்பரத்தை எடுத்துடுங்க சார். முடியலைன்னா அவர் போனுக்கு மட்டுமாவது வராம பண்ணுங்க."

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. புகாராக எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். அந்த வாரத்தின் ஒரே புகார் அது. ஒன்று என்பது பத்துக்குக் கீழே. பத்துக்குக் கீழே பச்சை. பச்சைக் கட்டத்தில் நடவடிக்கை எடுப்பதில்லை என்று நானே எழுதிய விதியை நானே மீறுவதா?

அந்த விளம்பரத்தை இன்னின்னாருக்குக் காட்ட வேண்டாம் என்று ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. அதில் தன் அப்பாவின் எண்ணைச் சேர்க்கச் சொன்னாள். ஊழியர்களின் சொந்தபந்தங்களுக்கென்று தனிச் சலுகை கொடுக்க ஆரம்பித்தால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு எண்ணோடு வரிசையில் நிற்பார்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். உடனே ஊருக்குப் போக விடுப்பு கேட்டாள். வெள்ளிக்கிழமை காலாண்டு முடிகிறது, முக்கிய ஊழியர் இல்லாமல் போவதும் என் பட்டியலில் ஓர் இடர்தான்.

"சனிக்கிழமை முதல் வண்டியிலயே போம்மா. எட்டு நாள் தாங்கினவர் இன்னும் நாலு நாள் தாங்க மாட்டாரா?" என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்" என்றாள். அந்த நம்பிக்கை இன்றைக்கும் என் மனதைத் தொடுகிறது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாற்பத்தொரு கட்டங்களும் பச்சை. நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதல் தடவை. கேக் வெட்டினோம், மேலே பச்சைக் க்ரீமில் ஒரு குடை வரைந்திருந்தார்கள். கைதட்டலுக்கு நடுவில் அவளுடைய கைபேசி அடித்தது. அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர். கதவை உடைத்துத் திறந்திருக்கிறார்கள், இரண்டு நாள் ஆகியிருந்ததாம். அவள் அழவில்லை. கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பங்குக் கேக்கை ஒரு டப்பாவில் போட்டுப் பெயரெழுதிக் குளிர்பெட்டியில் வைத்தேன். அவள் திரும்பி வரவில்லை, நேராக உங்களிடம் வந்துவிட்டாள். செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றி வந்தேன்.

அவரையும் சேர்த்து இருபத்தேழு பேர் என்கிறீர்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருபத்தேழு பேரில் ஒருவர்கூட எங்களுக்குப் புகார் எழுதியதில்லை என்பதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மருந்து ஆளைக் கொல்லும் என்று எனக்கு எப்போது தெரியும், அதுதானே உங்கள் கடைசிக் கேள்வி. பதிலை நீங்களே அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். அது விலக்குப் பட்டியல். அதில் உள்ளவை பதினோரு எண்கள், எல்லாம் பொறியாளர் வேலையை முடித்த அன்றைக்கே, அவர் முடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் நானே சேர்த்தவை. முதல் எண் என் மாமியாருடையது. அடுத்தது என் சித்தப்பா, அப்புறம் என் மனைவியின் அக்கா, அப்படியே போகும். சலுகை என்று அதைச் சொல்லக்கூடாது. குடும்பத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு மனிதனின் கடமை.

பதினோராவது எண் என் அண்ணனுடையது. மனைவி போன பிறகு ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார், இருபது வருடச் சர்க்கரை, யாரையும் ஒரு குறை சொல்லமாட்டார். போன ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் வீட்டுக்கு வந்து, ஊசி போட்டுக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் எப்படிப்பட்டவன் என்று சந்தேகம் இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். என்மேல் அவருக்கு ஒரு புகாரும் இருக்காது.