சோபாவில் மூன்று பேர்

– இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காரு. இன்னும். நடுவுல பாப்பா வரணும்ல.

– இதுக்கு மேல தள்ளினா கீழதான் விழணும்.

– சரி, அங்கேயே இரு. இடுப்புக்குக் கீழ எதுவும் தெரியாது. என்னைப் பாரு, மேல கோட்டு, கீழ லுங்கி.

– சபைக்காரங்க பாத்தா ரொம்ப ஆசீர்வதிப்பாங்க.

– கிண்டல் பண்ணாத, டீச்சரம்மா. ஃபேனை நிறுத்திட்டியா? போன தடவை அந்தக் கடகடச் சத்தத்துல என் ஜெபமே கேக்கலையாம்.

– நிறுத்தியாச்சு. இந்தப் புழுக்கத்துல பட்டுப் புடவை, சுவத்துல ஜரிகை நட்சத்திரம். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, உங்க வீட்டுல கல்யாணமான்னு கையாலயே கேட்டா.

– நீ என்ன சொன்ன?

– கிறிஸ்துமஸ் வாழ்த்து வீடியோவை இவ்வளவு முன்னாடியே எடுக்கறோம்னு சொல்ற அளவுக்கு எனக்கு இந்த ஊர் பாஷை வராது. சிரிச்சு வச்சேன்.

– அந்தச் சிரிப்பை இங்க கொண்டா. மிஷன் ஆபீஸ்ல முன்கூட்டியே கேக்கறாங்க, என்ன பண்றது? நம்ம ஊழியத்தைத் தாங்குற சபை அத்தனைக்கும் போகணும்ல. நம்மளுது போய்ச் சேந்ததும், ஊர்ல ஹாஸ்டல்ல இருக்கற பாப்பா பேசினதை நடுவுல ஒட்டுவாங்க. சரியா? நான், "குடும்பமாக உங்களை வாழ்த்துகிறோம்"னு சொல்றப்ப, நீ நடுப்பக்கம் திரும்பிச் சிரிக்கணும்.

– எவ்வளவு உயரத்துக்கு?

– என்னது?

– எவ்வளவு உயரத்துக்குப் பாக்கணும்? போன வருஷம் நான் அவ கழுத்தைப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்தேன். அதுக்குள்ள அவ வளந்துட்டா, எனக்குத் தெரியல.

– உன் தோள் உயரம்னு வச்சுக்கயேன்.

– தோள் வரைக்கும்தான் இருக்காளா?

– குத்துமதிப்பாச் சொல்றேன். சரியா? போன் ஓடுது, பாரு. "அன்பானவர்களே, இந்த நல்ல நாளில் நாங்கள் குடும்பமாக..." ஏன், திரும்பவே இல்ல?

– டிசம்பர்ல ஊருக்குப் போறோம்னு சொன்னீங்களே.

– அதை இன்னைக்குச் சாயங்காலம் பேசலாம்னு இருந்தேன்.

– அப்ப போகல.

– பண்டிகைக்கு ஜெபக் கூட்டம் நடத்தக் கேட்டிருக்காங்கம்மா. முதல்ல மலை மேல ஒண்ணு. அதை முடிச்சுட்டு பஸ்ல துறைமுகம். புத்தாண்டு ஆராதனை எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கம். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?

– ம்.

– கோவமா?

– இல்லங்க. கோவம் வந்தா நல்லா இருக்குமேன்னு பாக்கறேன், வரல. போன பண்டிகைக்கு பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து கேக் வெட்டினோம். அதுக்கு முந்தின வருஷம் ஏதோ பள்ளிக்கூடத்து ஹாலு. முன்னபின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் டீ ஊத்திக் குடுத்தேன். எல்லாரும் கட்டிப்பிடிச்சு வாழ்த்தினாங்க. பெட்டியைத் திறந்து பாத்தாத்தான் எந்த ஊருக்கு என்ன துணி எடுத்துட்டு வந்தேன்னே ஞாபகம் வருது. அழுகையும் இல்ல, சந்தோஷமும் இல்ல. பல்லு புடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பாக்கற மாதிரி. தொடறது தெரியுது, அவ்வளவுதான்.

– அடுத்த வருஷம் கண்டிப்பாப் போறோம். சரியா?

– போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. நான் அதை அப்படியே அவகிட்ட சொல்லிட்டேன்.

– பாப்பா புரிஞ்சுக்குவா. ஊழியக்காரன் பொண்ணு அவ.

– காலைல வார்டனம்மா போன் பண்ணாங்க.

– ஏன், உடம்புக்கு ஏதாவது?

– உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவளை வீடியோ எடுக்க ஆபீஸ்லேருந்து ஆள் போயிருக்காரு. வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்கார வச்சு, இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா இருக்கற மாதிரி நினைச்சுட்டுச் சிரிம்மான்னு சொன்னாராம். இவ எழுந்து தட்டு கழுவப் போயிட்டாளாம்.

– அடம்.

– அடமெல்லாம் இல்லையாம். மரியாதையாத்தான் சொல்லியிருக்கா. "போன வருஷத்துதையே போட்டுக்கோங்க அங்கிள், அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது"ன்னு.

– அப்படியா சொன்னா?

– அப்படியேதான் சொன்னாளாம். வார்டனம்மா ரெண்டு தடவை சொன்னாங்க, நான் கேக்கலைன்னு நினைச்சுட்டாங்க போல. லீவுக்கு அவகூட ரூம்ல இருக்கற பொண்ணு வீட்டுக்குப் போகட்டுமான்னும் கேட்டிருக்கா. அந்தப் பொண்ணோட அம்மா வந்து, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி புது டிரெஸ் தைக்க அளவெடுத்துட்டுப் போயிட்டாங்களாம்.

– நல்லவங்கதானே. ஒரு பண்டிகைக்குத்தானே.

– ரொம்ப நல்லவங்க. அவங்களைப் பத்திப் பேசறப்ப நம்ம பொண்ணு விடாமப் பேசறாளாம். எங்கிட்ட போன்ல "ம்", "சரி", "வச்சுடவா". இதெல்லாம் கேட்டுட்டு போனை வச்சேன். சமையலை முடிச்சுட்டு, இஸ்திரி போட்ட உங்க கோட்டை எடுத்து வச்சேன்.

– மனசை விட்டுடாதம்மா. எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கும். போன வருஷத்துதையே ஒட்டச் சொல்லிடறேன். அப்ப அவ உயரம் கம்மி, அதுக்கு ஏத்த மாதிரி நீ கொஞ்சம் கீழ பாத்துச் சிரி.

– இவ்வளவு போதுமா?

– இன்னும் கொஞ்சம். ஆங். அதான். அப்படியே இரு.

– நான் போறேங்க.

– எங்க? இதை முடிச்சுட்டுப் போ.

– ஊருக்கு. லீவு விடறதுக்குள்ள வந்துடறேன்னு வார்டனம்மாகிட்ட சொல்லிட்டேன். ஹாஸ்டல் பக்கமா ஒரு சின்ன வீடு பாத்து வைக்கறேன்னாங்க. என் பழைய பள்ளிக்கூடத்துல போன மாசமே கேட்டு வச்சேன். வந்தா வேலை இருக்காம்.

– ஒரு ரெண்டு வாரம் இருந்துட்டு வா. நான் வேண்டாம்னு சொல்லல.

– ரெண்டு வாரத்துக்கு யாரும் வேலைக்குச் சேர மாட்டாங்க.

– என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?

– கேக்கத்தான் இருந்தேன். நீங்க ஊர்ல இல்ல. அப்புறம் வந்தீங்க, துணியைத் துவைச்சு மடிச்சு வச்சேன், மறுபடியும் கெளம்பிட்டீங்க. சண்டை போடக்கூட ஆள் வீட்டுல இருக்கணும்ல.

– சபைக்கு நான் என்ன பதில் சொல்றது? குடும்பத்தோட வந்து ஊழியம் செய்யறாங்கன்னு சொல்லித்தானே நம்மளை எல்லாருக்கும் காட்டறாங்க?

– தெரியலங்க.

– இரு. கொஞ்சம் யோசிக்க விடு. சரி, ஒண்ணு பண்ணலாம். நான் மட்டும் இப்படி ஓரமா உக்காந்து பேசிடறேன். நீ அங்க போனதும், அந்த வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி பாப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பேசி அனுப்பு. நீ கூட இருந்தா அவளும் உக்காருவா. ரெண்டு பேரையும் சேத்து ஒட்டிடுவாங்க, யாருக்கும் எதுவும் தெரியாது. சரியா? உங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு இடம் விடணும்னு மட்டும் சொல்லு.

– இடம் விட வேண்டாம். நடுவுலயே உக்காருங்க. நாங்க எதுவும் அனுப்பப் போறதில்ல.