பத்திரமாக இருக்கும் காது மிஷின்

"எம் பொண்ணு காது ஸ்கூலு பீரோவுல இருக்குது."

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் செல்போனைப் பைக்குள் வைத்தேன். அவள் மடியில் 'பெற்றோர் பயிற்சி' என்று அச்சடித்த ஃபைல். கேட்டுக்கொண்டிருந்தவள் காலிப் பூக்கூடையோடு ஏறியவள்.

"இன்னாக்கா சொல்ற?"

"காது கேக்கறதுக்கு மாட்டுவாங்களே, அந்த மிஷினு. கேம்ப்புல குடுத்தாங்க. வெல ஜாஸ்தி, தொலைச்சுடுவான்னு டீச்சரு வாங்கிப் பூட்டிட்டாங்க. அதிகாரி வந்தாதான் எடுத்து மாட்டுவாங்க. திடீர்னு சத்தம் கேட்டதும் புள்ள காதப் பொத்திக்கினு அழுவுது. பயந்த புள்ளன்னு எழுதிக்கினு போறாரு அவரு. ஜீப்பு கெளம்பினதும் மிஷினு பீரோவுக்குப் பூடும்."

"அப்பறம் பாடம் எப்பிடிப் படிக்கும்?"

"கடைசி பெஞ்சு. சொன்னா கவனிக்கவே மாட்டேங்குதுன்னு எங்கிட்ட புகாரு வேற."

"வூட்டுக்குக் குடுங்கன்னு கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேனே. ஒங்குளுது கூர வூடு, மழையில நனைஞ்சுடும்னாங்க. பொண்ணையே அந்த வூட்லதான் வச்சிக்கினு இருக்கேன். அது நனையறது யாருக்கும் தெரியல."

"இன்னைக்கு எதுக்குக் கூப்ட்டாங்களாம்?"

"மிஷின எப்பிடிப் பாத்துக்கணும்னு கிளாஸு. குளிக்கும்போது கழட்டணும், தூங்கும்போது கழட்டணும்னு ஒரு சாரு சொல்லிக்கினே போறாரு. கழட்டறது இருக்கட்டும், எப்ப சார் மாட்டறதுன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"கேள்வியெல்லாம் கடைசில கேளும்மான்னாரு. கடைசில டீ குடுத்து அனுப்பிட்டாங்க."