ரெண்டு கோட் போதும்

"ஹலோ... ஆங், சொல்லும்மா... இல்ல இல்ல, ஃப்ரீதான்... சும்மாதான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தது என்னவோ உண்மை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல், அந்தச் சின்ன அறையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தான். கதவு சாத்தியிருந்தது. கதவின் கைப்பிடி அவன் மடியில் கிடந்தது. கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கைப்பிடியில் ஒரு சொட்டு படக்கூடாது என்று, பெரிய கைதேர்ந்தவன் மாதிரி உள்பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி வைத்தான். ஜன்னல் காற்று கதவை அறைந்து சாத்தியது. ஓட்டையில் தெரிந்த சதுரக் கம்பியை பிரஷ்ஷின் காம்பால் திருகிப் பார்த்தான். கம்பி, வெளிப்பக்கத்துக் கைப்பிடியையும் கூட்டிக்கொண்டு ஹாலில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரமாக, மனைவிக்குத் தெரியாமல் வெளியே வர என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தான். யோசித்து முடிப்பதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"கிளம்பிட்டீங்களா... இப்பவேவா... இல்லம்மா, சாயங்காலம்னுதானே சொன்ன... ஐயோ, வராதன்னு யாரு சொன்னா. அறுபத்திரெண்டு நாளா எண்ணிக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க அம்மா வீட்டுக்கு வந்து, விருந்தாளி மாதிரி எம்புள்ளைய எட்டிப் பாத்துட்டு போறவன்... ம்... ம்... ரூமா. ரூம் முடிஞ்சுது. முந்தாநாளே முடிஞ்சுது... காஞ்சிருச்சு. சுத்தமா காஞ்சிருச்சு."

எதிர்ச் சுவரிலிருந்து ஒரு சொட்டு மெதுவாக இறங்கி வந்தது. மூன்று கோட் அடித்தும், பழைய நீலம் அங்கங்கே திட்டுத்திட்டாக எட்டிப் பார்த்தது.

"ஆமா, நீ சொன்ன பெயின்டேதான்... அதே கடை. வேற எந்தக் கடைக்குப் போவேன்... வாடையா. வாடை என்ன வாடை, அதுலதான் வாடையே கிடையாதே... இல்ல, இருமல் இல்ல. தொண்டைல ஏதோ... தூசி."

வாடை மூக்கைத் துளைத்தது. கம்பி போட்ட ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தும் கண்ணில் நீர் நின்றபாடில்லை. அவள் சொன்ன பெயின்டில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. பிரசவத்துக்கு முந்தின வாரம், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அந்தக் கடையில் ஒரு மணி நேரம் நின்று எடுத்தது அது. மாதிரி அட்டை ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். லிட்டருக்கு எவ்வளவு சுவர் மூடும், எத்தனை கோட், குழந்தை படுக்கிற அறைக்கு ஆகுமா என்று கடைக்காரரைக் குடைந்து எடுத்தாள். கலரை மெஷினில் கலக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், போய் வாங்கி வருவது. போனான். விலையைக் கேட்டான். தலை சுற்றியது. "இதோ வர்றேன்" என்று நழுவி, அடுத்த தெருவில் பாதி விலைக்கு ஒரு பெரிய வாளியைத் தூக்கி வந்துவிட்டான். சுவரை யார் போய்த் துடைக்கப் போகிறார்கள், பெயின்ட் பெயின்ட்தானே என்று அப்போது தோன்றியது.

"எத்தனை கோட்டா... ரெண்டுதான். நீ சொன்ன மாதிரியே ரெண்டே கோட்டு, கப்புனு மூடிக்கிச்சு... வீடியோவா. இப்பவா... வேண்டாம்மா, வெளிச்சம் சரியில்ல. போன்ல பாத்தா கலர் மாறித் தெரியும், நீதானே அன்னைக்கி சொன்ன... நேர்லயே பாரேன்... ஆமா... ஆமாமா... சரி, வண்டில யாரெல்லாம்... மச்சானும் வர்றாரா. நல்லதாப் போச்சு. ஒண்ணு செய்யி. நீ குழந்தையோட கீழயே இரு, மச்சான்கிட்ட சாவியக் குடுத்து மொதல்ல மேல அனுப்பு. ஒரே ஒரு நிமிஷம்... எதுக்கா. சும்மாதான்... சும்மான்னா சும்மா."

சும்மாவை அவள் நம்பவில்லை. அவள் எந்தச் சும்மாவையும் நம்பியதில்லை.

"கோவப்படாத... சொல்றேன். ரூம் கதவு சாத்திக்கிச்சு... நான் உள்ள இருக்கேன்... கைப்பிடி உள்ளதான் இருக்கு, எங்கையில. கம்பிதான் ஹால்ல... ஆமா, கழட்டினேன்... நான்தான் கழட்டினேன்... முக்கால் மணி நேரமா... சிரிக்காத. குழந்தை முழிச்சுக்கப் போவுது."

அவள் சிரித்தது அவனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. சிரிக்கிறவள் பாதி மன்னித்துவிட்டவள் என்பது அவன் கணக்கு. வாளியின் மேல் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்னது... ஏன் கழட்டினேன்னா, கதவுக்கு அடிக்க... இல்ல, ரூம் முந்தாநாளே முடிஞ்சுது, கதவு மட்டும் பாக்கி... அதே பெயின்டுதான்... மிச்சம் இருந்துச்சு... அளந்து கலந்ததுல மிச்சம் எப்படின்னா... இல்ல, அதாவது..."

கைப்பிடியைக் கையில் உருட்டினான். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று. அறையில் இருக்கும் காற்றுக்கு அதற்கு மேல் தெம்பில்லை.

"மூணு கோட்டு... ஆமா, மூணு. நாலாவது அடிக்கணும்... சொல்லிட்டேன்ல. அது இல்ல, வேற பெயின்ட்... தெரியுமா. உனக்கு எப்படி... அந்தக் கடைக்காரரு உனக்குப் போன் பண்ணாரா. எப்ப... காலையிலயே... என்ன சொன்னாரு... கலந்த டின் அப்படியே கிடக்குன்னா... கலந்துட்டா வேற யாருக்கும் விக்க முடியாதுன்னா... அப்ப இவ்வளவு நேரம் தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா."

அவள் நீளமாகப் பேசினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"ம்... ம்... தப்புதான்... இல்ல, உன்ன ஏமாத்தணும்னு இல்லம்மா. மிச்சம் புடிச்சா உனக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம்னு நெனச்சேன். சாஞ்சு உக்காந்து பால் குடுக்க... வாங்கலை... மிச்சம் எங்க. ஒரு வாளி மூணு வாளியாயிருச்சு. உன் பெயின்டே வாங்கியிருக்கலாம்... எனக்கு வெக்கமா இருக்கு. வேற என்ன சொல்ல."

அப்போது வாசல் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. போனுக்குள்ளும் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டது. அவன் துள்ளி எழுந்தான். வாளி உருண்டது.

"வந்துட்டியா... அப்ப இவ்வளவு நேரம் கீழதான் நின்னியா... கம்பி அங்கதான் கிடக்கும் பாரு, சோபா பக்கத்துல. அத ஓட்டையில சொருகித் திருகு, தொறந்துக்கும்... சத்தமே காணோமே. குழந்தை தூங்குதா... கீழயா. வண்டிலயே மச்சான்கிட்டயா... ஏன், தூக்கிட்டு வரலாம்ல... இல்ல. வேண்டாம்."

கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"நீ சொல்றது சரிதான். இந்த வாடையில வேண்டாம். நான் பெரிய ஆளு, எனக்கே கண்ணு எரியுது. அது மூக்கு அம்மாம் சின்னது... சரி. ஆனா நீ தொறந்து ஒரு தடவை மொகத்தக் காட்டிட்டுப் போயேன்... சேலைல ஒட்டிக்குமா... ஆமா, அப்புறம் அதோட புள்ளையத் தூக்குவ... சரி. வேண்டாம், தொறக்காத."

கதவின் அடியில் ஏதோ உரசியது. சதுரக் கம்பி தரையோடு தரையாகச் சறுக்கி வந்து அவன் கால்விரலில் தட்டி நின்றது.

"வந்துருச்சு... ம்... ஜன்னல் எல்லாம் தொறந்துதான் இருக்கு... சரி, கதவையும் தொறந்தே வெக்கிறேன்... எப்ப வருவ. நாளைக்கா... நாளன்னைக்கு... வாடை போனப்புறம்னா, அது எப்ப போகும்... இரு, இரு, நான் கீழ வந்து ஒரே ஒரு தடவை புள்ளைய... தூரமா நின்னாவது... ஹலோ... ஹலோ."

போன் வைத்தாயிற்று. கம்பியைச் சொருகிக் கைப்பிடியை மாட்டினான். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை பிடித்தது. கதவு திறந்தது.

ஹாலில் யாரும் இல்லை. மூடி திறக்காத பெயின்ட் டின் ஒன்று, துடைத்து வைத்த தரையில் இருந்தது. மேலே கடைக்காரர் எழுதி ஒட்டிய சீட்டு. 'குழந்தை ரூம். ரெண்டு கோட் போதும்.' மூன்றாம் மாடி வரை அவள்தான் அதைத் தூக்கி வந்திருக்கிறாள்.

கீழே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் மேல் பெயின்ட் நாறியது, அதனால் இறங்கிப் போகவில்லை. நாளைக்கு அறுபத்து மூன்றாவது நாள்.